உட்கார ஒரு ஸ்டூல், கண்ணசர ஓர் அரைமணி

மதியம் மூன்று மணி. சென்னை தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை, மூன்றாவது மாடி. ஆடித் தள்ளுபடி ஓய்ந்து, தீபாவளிக் கூட்டம் இன்னும் தொடங்காத மந்தமான புதன்கிழமை. சுடிதார் பகுதியில் துணி எடுக்க வந்தவள் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். விற்பனைப் பெண்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி செருப்பிலிருந்து காலை உருவி, மறுகாலின் கெண்டைச் சதையில் தேய்த்துக்கொண்டாள். இன்னொருத்தி தூணில் முதுகைச் சாய்த்தும் சாய்க்காமலும் நின்றாள். படிக்கட்டில் சூப்பர்வைசரின் தலை தெரிந்ததும் ஒன்பது முதுகும் நிமிர்ந்தன.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பிரிக்காத துணிக்கட்டு ஒன்று.

"ஏம்மா, இதுல நீ உட்காரலாம்ல?"

"அது பண்டல் வைக்கிறதுக்கு மேடம்."

"இப்பதான் ஆளே இல்லையே."

அவள் கண் கூரையின் மூலைக்குப் போய்த் திரும்பியது. "கேமரா இருக்குக்கா."

தென்காசிப் பக்கத்துப் பெண். காலை ஒன்பதரைக்கு வந்து நின்றால் இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி. தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போகணும், போகணும் என்றால் சொல்லிவிட்டுப் போகணும். இருபத்திரண்டு வயதில் முழங்காலுக்குக் கீழே நரம்புச் சுருட்டு நீலமாகப் புடைத்திருந்தது. நான் கேட்டது மீடியம். அவள் எடுத்துவந்தது லார்ஜ். அதற்குள் சூப்பர்வைசர் அருகில் வந்துவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். இந்தப் பிள்ளைங்களுக்கு வேலையில கவனமே கிடையாது."

அந்தச் சொல் என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கோ கேட்ட சொல் அல்ல அது, எங்கும் கேட்கிற சொல். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைப் பற்றி அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். கட்டடத்தில் மேஸ்திரி சித்தாளைப் பார்த்துக் கத்துகிறார். பனியன் கம்பெனியில் தையல் பிசகினால் லைன் சூப்பர்வைசர் சொல்கிறார். கவனம் இல்லை, அக்கறை இல்லை, சோம்பல். கீழ்நிலையில் வேலை செய்கிறவரின் வேலைத்திறனை நாம் எப்போதும் அவருடைய குணமாகவே படித்துவிடுகிறோம். அந்தக் கவனத்தை யார், எப்போது, எப்படித் தின்றுதீர்த்தார்கள் என்று கேட்பதில்லை.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கேட்டது நம் ஊரிலேயேதான்.

படுக்கை எட்டு மணி, தூக்கம் ஐந்தரை

சென்னையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு, மேட்டி டோமா ஆகிய ஐந்து பொருளாதார அறிஞர்கள் நடத்திய அதன் முடிவுகள் 2021-ல் வெளியாயின. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்கு ஒரு மாதம் கணினியில் தகவல் பதிவேற்றும் வேலை கொடுத்தார்கள். எவ்வளவு வேகம், எத்தனை பிழை என்று ஒவ்வொரு நாளும் துல்லியமாகத் தெரியும் வேலை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் தூக்கத்தை அளக்கும் கருவி ஒன்று.

கருவி சொன்னதைக் கேளுங்கள். இவர்கள் இரவில் சுமார் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம். ஓர் இரவில் முப்பது முறைக்கு மேல் விழிப்பு வந்தது. வசதியுள்ள நாடுகளில் தூக்க நோயோடு மருத்துவரிடம் போகிறவர்களின் உறக்கத்தோடு ஒப்பிடத்தக்க உறக்கம் இது. இங்கே இவர்களுக்கு நோய் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஓரறை வீடு, அதில் நாலைந்து பேர், புழுக்கம், கொசு, தெருவிளக்கு, பக்கத்து வீட்டு டிவி, விடியற்காலைத் தண்ணீர் லாரி. சென்னையின் மே மாத இரவை ஒரு தகரக் கூரைக்குக் கீழே கழித்தவர்களுக்கு இந்தப் பட்டியலை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வாளர்கள் இவர்களில் சிலருக்குக் கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை, மின்விசிறி எல்லாம் கொடுத்தார்கள். சீக்கிரம் படுங்கள் என்று ஊக்கப்படுத்தினார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் காசும் தந்தார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. இனி வேலை பறக்கும் என்று எதிர்பார்ப்போம் இல்லையா? முன்கூட்டியே கருத்துக் கேட்கப்பட்ட நிபுணர்களும் அப்படித்தான் கணித்திருந்தார்கள். பறக்கவில்லை. வேலையின் அளவிலும் மனநிலையிலும் கண்டுபிடிக்கத்தக்க மாற்றமே இல்லை. அவர்கள் கூடுதலாகப் பெற்றது அதே கிழிந்த தூக்கத்தின் இன்னும் கொஞ்ச நீளம் என்பது காரணமாக இருக்கலாம். கந்தலை எத்தனை முழம் கொடுத்தாலும் போர்வை ஆகாது.

அதே ஆய்வில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. சிலருக்கு மதியம் அரைமணி நேரம் வேலையிடத்திலேயே தூங்க இடம் கொடுத்தார்கள். அமைதியான இடம், படுக்கை, அவ்வளவுதான். பலன் இங்கேதான் தெரிந்தது. தூங்கி எழுந்தவர்கள் விழித்திருந்து ஓய்வெடுத்தவர்களைவிட வேகமாக வேலை செய்தார்கள். மனக்கவனத்தை அளக்கும் சோதனைகளில் மேம்பட்டார்கள். மனம் தெளிவாக இருப்பதாகச் சொன்னார்கள். உயர்வு பிரமாண்டமானதல்ல, சிறியதுதான். தூங்கிய அந்த அரைமணியிலும் தட்டச்சு செய்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் கூடவே சம்பாதித்திருப்பார்கள். அந்தக் கணக்கையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை, நானும் மறைக்கக் கூடாது.

ஆனாலும் இதில் என்னை உலுக்குவது ஒன்றுண்டு. வீட்டில் கொடுத்த உதவி பலிக்கவில்லை. வேலையிடத்தில் கொடுத்த அரைமணி பலித்தது. ஏழையின் வீட்டை ஓர் இரவில் யாராலும் மாற்ற முடியாது. அந்த வீட்டுக்குப் பின்னால் நிலத்தின் விலையும் குடிசை மாற்றின் வரலாறும் இருக்கின்றன. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள் பழைய தெருக்களுக்கே வீட்டு வேலைக்காக இருட்டோடு பஸ் ஏறுகிறார்கள். அந்தப் பயண நேரம் யாருடைய தூக்கத்திலிருந்து கழிகிறது? வேலையிடமோ ஒரு முதலாளியின் கையில் இருக்கிறது. அங்கே ஒரு பாயை விரிப்பதற்கு நகரத் திட்டம் எதுவும் தேவையில்லை.

கடன்காரர் வரும் நாள்

என் அம்மா கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். எத்தனை கட்டை அடுக்குகிறாரோ அத்தனைக்குக் கூலி. கை அவ்வளவு வேகம், பேசிக்கொண்டே அடுக்குவார். செவ்வாய்க்கிழமை மட்டும் கட்டை குறையும். அன்று சாயங்காலம் வட்டிக்காரர் வருவார். "இன்னைக்கு என்னமோ கையே ஓடலடி" என்று அம்மா சொல்லும்போது எனக்கு எட்டு வயது. கையில் என்ன கோளாறு என்று நான் அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கணக்குப்பிள்ளைக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. செவ்வாய்க்கிழமைச் சோம்பேறி என்று அம்மாவுக்கு ஒரு பெயரே வைத்திருந்தார்.

அம்மாவின் செவ்வாய்க்கிழமைக்கு விளக்கம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்து ஒடிசாவிலிருந்து கிடைத்தது. சுப்ரீத் கௌர், செந்தில் முல்லைநாதன், சுவான்னா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் நால்வரும் அங்கே தையல் இலை தைக்கும் தொழிலாளர்கள் 408 பேரிடம் நடத்திய ஆய்வு அது. எண்ணிக்கைக்குக் கூலி. விவசாய வேலை இல்லாத, கடன் கழுத்தை நெரிக்கும் மாதங்கள். கூலி விகிதம் எல்லோருக்கும் ஒன்றே. சிலருக்கு மட்டும் சேர்ந்த கூலியை முன்னதாகவே கையில் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் ஓடிப்போய் முதலில் கடனை அடைத்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். அடுத்த நாளிலிருந்து அவர்கள் தைத்த இலைகள் சுமார் 7 சதவீதம் கூடின. அதைவிட முக்கியம், தவறுகள் குறைந்தன. குத்திய இடத்திலேயே மறுபடி குத்துவது, தேவைக்கு மேல் இலையையும் குச்சியையும் வீணாக்குவது எல்லாம் குறைந்தன. அதிக நெருக்கடியில் இருந்தவர்களிடமே இந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

கூலி ஒரு பைசாகூட உயரவில்லை என்பதைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன். சில நாள் முன்னால் வந்தது, அவ்வளவுதான். மனதிலிருந்து வட்டிக்காரர் இறங்கிப்போனார், கை ஓடியது.

முல்லைநாதன் தமிழகத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். அவரும் ஆனந்தி மணி, எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் நடந்தது. கரும்பு விவசாயிகள் 464 பேர். கரும்பு வெட்டுவதற்கு முன்பு இவர்களில் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். ஆலைப் பணம் வந்தபின் அது 4 சதவீதம். அதே மனிதருக்கு வெட்டுக்கு முன்பும் பின்பும் ஒரேவிதமான அறிவுச் சோதனைகளை வைத்தார்கள். பணம் வந்தபின் எழுதிய சோதனையில் அவரே தெளிவாகவும் வேகமாகவும் பதில் சொன்னார். இந்த ஆய்வின் புள்ளியியல் முறைமீது விமர்சனங்கள் எழுந்ததும் உண்மை. ஆனால், பள்ளிக்கூடக் கட்டணம் கட்டக் கடைசி நாளில் பேருந்து நிறுத்தத்தைத் தவறவிட்டு அடுத்த ஊரில் இறங்கிய எவருக்கும் அதன் சாரம் புரியாமல் போகாது.

இன்று வட்டிக்காரரின் இடத்துக்குக் குழுக் கடன் வந்திருக்கிறது. கூலி எந்த நாளில் கைக்கு வருகிறது என்பதே இன்றும் கேள்வி. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் என்பது பழைய வழக்கம். வாரக் கூலி அன்றைக்குக் கையில் வந்தால் அந்த ஞாயிறு கறிக்குழம்பு, அந்தத் திங்கள் நிம்மதி. மாதச் சம்பளத்தைப் பத்தாம் தேதிக்கும் பதினைந்தாம் தேதிக்கும் தள்ளிக் கொடுக்கிற நிறுவனங்கள் தாங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைக்கின்றன. இலை தைத்தவர்களின் கணக்கைப் பார்த்தால் அந்தத் தாமதத்தில் இழப்பு முதலாளிக்கும்தான்.

கண்டிப்பாக ஒரு கேள்வி வரும். "காசைக் கொடுத்தா நேரா டாஸ்மாக்குக்குத்தானே போவான்?" இதையும் சென்னையில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஷில்பாக் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்கள் 229 பேரோடு மூன்று வாரம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. குடிக்காமல் வந்தால் ஊக்கத்தொகை என்றதும் இவர்களின் சேமிப்பு ஏறக்குறைய 50 சதவீதம் உயர்ந்தது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் கிடைக்கிற நிச்சயமான காசு ஒருபக்கம், குடிக்காமல் வந்தால்தான் முழுதாகக் கிடைக்கும் ஏற்பாடு மறுபக்கம் என்று வைத்தபோது, சுமார் பாதிப்பேர் காசை விட்டுக்கொடுத்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். தன்னைத் தானே கட்டிப்போடும் கயிற்றைக் காசு கொடுத்து வாங்கிய மனிதர்கள் அவர்கள். நாள் முழுதும் ஆளையும் மூட்டையையும் இழுத்த உடம்பு இரவில் வலியோடு எதைத் தேடுகிறது என்று அவர்களிடம் கேட்காமலேயே நாம் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அரைப்பேர்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன கிலோ கொழுந்து நிறுவையில் காட்டினால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். காலையிலிருந்து மலைச்சரிவில் ஏறி இறங்கி, அட்டைக் கடியோடு கூடை சுமந்த பெண்ணின் ஒரு நாளை அந்தத் தராசு பாதியாக வெட்டிவிடும்.

தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் 1970-களில் ஒரு மருத்துவ ஆய்வு நடந்தது. 1979-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ரத்தசோகை உள்ள பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு கொழுந்து பறிக்கிறார்கள் என்று முதலில் அளந்தார்கள். பிறகு சிலருக்கு இரும்புச்சத்து மாத்திரை, சிலருக்கு வெற்று மாத்திரை. ஒரு மாதம் கழித்து, யாருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் உயர்ந்ததோ அவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். மிகவும் வெளுத்துப்போயிருந்த பெண்களிடம்தான் முன்னேற்றம் மிக அதிகம். கங்காணி "கை ஓடலையா?" என்று அதட்டிய பெண்களுக்கு உண்மையில் ஓடாதது ரத்தம்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்கள்தானே கடைகளில் நிற்கிறார்கள், தையல் எந்திரத்தில் குனிகிறார்கள், சித்தாளாகச் செங்கல் சுமக்கிறார்கள்? காலைச் சாப்பாட்டைப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு டீயும் வர்க்கியுமாக வேலைக்கு வந்தவர் பதினொரு மணிக்குத் தடுமாறினால் அதற்கு மேற்பார்வை தீர்வாகாது.

வெயில் கணக்கும் இதே வகைதான். ஈ. சோமநாதன், ரோகிணி சோமநாதன், அனந்த் சுதர்சன், மீனு திவாரி ஆகியோரின் ஆய்வு 2021-ல் வெளியானது. இந்தியத் தொழிற்சாலைகளில் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஆண்டு உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்றது. ஆலைக்குள் குளிரூட்டியபோது வேலையின் வேகம் குறைவது பெருமளவு நின்றது. ஆனால் வேலைக்கு வராமல்போவது நிற்கவில்லை. ஆலை குளிர்ந்துவிட்டது, வீடு குளிரவில்லையே. சென்னைத் தூக்க ஆய்வு காட்டிய அதே ஓரறை வீட்டுக்குத்தான் மறுபடி வந்து நிற்கிறோம்.

"வாய்ப்புக் கிடைக்கும்போது"

ஸ்டூலுக்கு வருகிறேன்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலைபார்த்த பெண்களைத் திரட்டியவர் பி. விஜி என்ற தையல் தொழிலாளி. 'பெண்கூட்டு' என்று அமைப்புக்குப் பெயர். முதலில் அவர்கள் கேட்டது உட்கார இடமல்ல, கழிப்பறை. அது இல்லாததால்தான் அந்தப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கழித்தார்கள். அடுத்துதான் 'இருக்கும் உரிமை', அதாவது உட்காரும் உரிமை. 2018-ல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை எழுதிவைத்தது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6-ம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டப்பேரவையில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. தொழிற்சாலைகளில் நின்று வேலைசெய்கிறவர்களுக்கு இதேபோன்ற ஏற்பாடு 1948-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. கடைகளுக்கு வந்துசேர 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-ல் வந்தபோது தியேட்டரில் அழுதவர்கள் நாம். அழுதுவிட்டு வெளியே வந்து அதே தெருவில் துணி எடுத்தோம்.

சட்டம் வந்தது நல்லது, மனமாரச் சொல்கிறேன். ஆனால் 'வாய்ப்புக் கிடைக்கும்போது' என்ற அந்தச் சொற்களில்தான் எல்லாமே தொங்குகிறது. வாய்ப்பு வந்துவிட்டது என்று முடிவு செய்வது யார்? அந்தப் பெண்ணா, சூப்பர்வைசரா, கூரை மூலையில் இருக்கும் கேமராவா? ஸ்டூல் இருக்கிறதா என்று ஆய்வாளர் வந்து பார்த்தால், இருக்கிறது. அதன்மேல் பண்டல் இருக்கிறது.

நிற்பது வெறும் அசௌகரியம் அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 7,300 தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2018-ல் வெளியானது. பெரும்பாலும் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைவிட இதயநோய் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது. நின்றால் ரத்தம் காலில் தேங்குகிறது, இதயம் அதை மேலேற்றப் போராடுகிறது. காலில் புடைத்த நீலநரம்பு வெளியே தெரிகிற பகுதி மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. உட்காரலாமா என்று தானே முடிவு செய்ய முடியாத நிலை இருக்கிறதே, அதுவே தனி நோய். லண்டனில் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வை மைக்கேல் மார்மட் பல பத்தாண்டுகள் எடுத்துச் சென்றார். எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் ஒரே பொது மருத்துவம். ஆனாலும் கடைநிலையில் இருந்த கடிதம் கொண்டுசெல்பவர்களும் வாயிற்காப்போரும் உச்சிநிலை அதிகாரிகளைப்போல மூன்று மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். புகைப்பழக்கமும் ரத்த அழுத்தமும் அந்த இடைவெளியின் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985-ல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தன் வேலைமீது தனக்கு எவ்வளவு அதிகாரம் என்பதும் இதயத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. பாத்ரூமுக்குக் கையைத் தூக்கிக் கேட்டுவிட்டுப் போகும் பெண்ணின் நெஞ்சுக்கு அது தெரியும்.

சென்னைக்கு இது புதிய வழக்கும் அல்ல. 1918 ஏப்ரல் 27-ம் தேதி பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயன்று கூட்டியது, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் வாடியாவிடம் கொட்டிய முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. கை கழுவி, இடம் தேடி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதற்குள் சங்கு ஊதிவிடும். கூலி உயர்வுக்கு நிகராக அந்தச் சில நிமிடங்களை அவர்கள் கேட்டார்கள். இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று ஒரு மதியப் பொழுதின் நிமிடங்களுக்காகவும் பிறந்தது என்பது எனக்குச் சின்னச் செய்தியாகப் படவில்லை.

நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21-ம் தேதி தினசரி 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் இதே சென்னையில் பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப்பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அப்போது நடந்த விவாதங்களில் வாரக் கணக்கு, விடுப்புக் கணக்கு எல்லாம் பேசினார்கள். ஐந்தரை மணி நேரக் கிழிந்த தூக்கத்தோடு வருகிற உடம்பின் பதினோராவது மணி எப்படி இருக்கும் என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை. திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்று அந்தப் பதினோராவது மணிக்கு ஏற்கெனவே பெயரே இருக்கிறது. விரலில் ஊசி ஏறுவது, கத்தரி நழுவுவது போன்ற விபத்துகள் எந்த நேரத்தில் நடக்கின்றன என்று அங்குள்ள எந்தத் தையல்காரரையும் கேட்டுப் பாருங்கள்.

நான் முதலாளிகளிடம் கருணை கேட்டு எழுதவில்லை. இரும்புச்சத்து மாத்திரை, தேதி தவறாத கூலி, காற்றோட்டம், கழிப்பறை, ஸ்டூல், அரைமணிப் பாய். இவை அத்தனையும் வேலையின் கருவிகள், தையல் எந்திரத்துக்கு விடும் எண்ணெய்போல. எந்திரம் இறுகினால் எண்ணெய் விடுகிறோம், அதன் குணம் சரியில்லை என்று சொல்வதில்லை. அதேநேரம், வேலை கூடினால்தான் ஓய்வு என்ற பேரத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அரைமணித் தூக்கத்தால் ஒரு சதவீதம்கூட உற்பத்தி உயராமல் போயிருந்தாலும் அந்த 452 பேருக்கும் கண்ணசரும் உரிமை உண்டு.

போன வாரம் அதே கடைக்கு மறுபடி போனேன். ஸ்டூல் இருந்தது, பண்டல் மாறியிருந்தது. தென்காசிப் பெண் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். துணியை விரித்துக் காட்டுவதுபோல விரித்தபடியே பேசினோம். சென்னை ஆய்வைப் பற்றிச் சொன்னேன். மதியம் சாப்பிட்டதும் ஓர் அறை, படுக்கை, அரைமணி நேரம்.

"படுக்கவா? வேலை எடத்துலயா?" அவளால் நம்ப முடியவில்லை. துணியை மடித்தாள். மடித்த துணியை மறுபடி விரித்தாள்.

"அதுக்குச் சம்பளம் புடிச்சாங்களாக்கா?"

புடிக்கல, ஆனா அந்த அரைமணிக்கு டைப் அடிக்கிற காசு வராது, என்றேன்.

"அப்ப புடிச்ச மாதிரிதானே" என்றாள். படிக்கட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டாள்: "இருந்தாலும்... கதவு சாத்திக்கிற மாதிரி ரூமாக்கா அது?"